'ஒன் ஆஃப்' என்று தொடங்கினால் அடுத்து வருவது ஒருமையா, பன்மையா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்குத் தருமபுரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

பாலக்கோடு, கல்லூரி மாணவி: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று நான் எழுதியதை விரிவுரையாளர் அடித்துவிட்டார். ஒருவரைத்தானே குறிப்பிடுகிறேன், ஐயா?

பலரிலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்டுவதே இத்தொடரின் வேலை என்பதால், அந்தப் பலரும் வாக்கியத்தில் இருந்தாக வேண்டும். எனவே 'ஃப்ரெண்ட்ஸ்' என்பதே சரி. தமிழில் 'நண்பர்களில் ஒருவர்' என்போமே தவிர, 'நண்பரில் ஒருவர்' என்று எழுத மாட்டோம். பேச்சில் 'ஃப்ரெண்டு ஒருத்தர்' என்று சொல்லிப் பழகிய ஒருமையை அப்படியே 'ஒன் ஆஃப்' உடன் ஒட்டிவிடுவதால்தான் இப்பிழை நேர்கிறது என்பது என் கணிப்பு. 'என் நண்பர் ஒருவர்' என்பதுதான் உங்கள் கருத்தென்றால், 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்' என்று எழுதலாம்.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்: விடுப்புக் கடிதத்தில் 'ஒன் ஆஃப் மை ரிலேட்டிவ்ஸ் ஆர் இல்' என்று எழுதினேன். பன்மைக்குப் பின் 'ஆர்' வரலாம் அல்லவா?

வராது, 'ஈஸ்' என்றே எழுத வேண்டும். உடல்நலமில்லாதவர் ஒருவரே, எழுவாயும் 'ஒன்' என்னும் சொல்லே. 'ஆஃப் மை ரிலேட்டிவ்ஸ்' என்பதை விரலால் மறைத்துவிட்டுப் படித்தால் 'ஒன் ஈஸ் இல்' என்பது தெளிவாகும். 'ஒன் ஆஃப் தி மேங்கோ ட்ரீஸ் நியர் அவர் வெல்ஸ் ஹேஸ் ஃபாலன்' போன்ற நீண்ட வாக்கியத்தில், அருகிலுள்ள 'வெல்ஸ்' நம்மை 'ஹேவ்' பக்கம் இழுக்கும். அங்கும் விரலை வைத்துப் பாருங்கள்.

அரூர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: 'ஹூ', 'தட்' வந்தால் அதன் பின்னும் ஒருமைதானா?

இங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். 'கர்நாடகத்தை ஒட்டிய மாவட்டங்களில் ஒன்று' என்னும்போது 'ஒட்டிய' என்பது ஒருமை, பன்மை எதையும் காட்டாததால், தமிழ் நமக்குத் துணைவராது. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியைப் பற்றி, 'கிருஷ்ணகிரி ஈஸ் ஒன் ஆஃப் தி டிஸ்ட்ரிக்ட்ஸ் தட் பார்டர் கர்நாடகா' என்று எழுத வேண்டும். கர்நாடகத்தை ஒட்டியிருப்பவை பல மாவட்டங்கள் என்பதால் 'பார்டர்' பன்மை வினையாகிறது. ஆனால் தமிழ்நாட்டில் கர்நாடகம், ஆந்திரம் இரண்டையும் ஒட்டிய மாவட்டம் கிருஷ்ணகிரி மட்டுமே. அதைச் சொல்லும்போது 'தி ஒன்லி ஒன் ஆஃப் தி டிஸ்ட்ரிக்ட்ஸ் தட் பார்டர்ஸ் போத்' என்று வினை ஒருமைக்கு மாறும். முதல் வகை வாக்கியத்தில் ஒருமை வினை எழுதுவோரும் உண்டு. தேர்வில் நீங்கள் பன்மையே எழுதுங்கள்.

கிருஷ்ணகிரி, கடை உரிமையாளர்: 'ஒன் ஆஃப் தி ஃபர்னிச்சர்' சரியா?

தவறு. 'ஃபர்னிச்சர்' என்பதற்குப் பன்மையே கிடையாது. 'ஒன் ஆஃப் தி சேர்ஸ்' என்று பொருளின் பெயரையே எழுதிவிடுங்கள்.

பென்னாகரம், பள்ளி மாணவர்: 'ஒகேனக்கல் ஈஸ் ஒன் ஆஃப் தி மோஸ்ட் ஃபேமஸ் வாட்டர்ஃபால்' என்று எழுதலாமா?

'வாட்டர்ஃபால்ஸ்' என்று எழுதுங்கள், தம்பி. 'மோஸ்ட்' என்றதும் ஒன்றுதான் இருக்க முடியும் என்று தோன்றும். ஆனால் மிகப் புகழ்பெற்ற அருவிகள் பல, அவற்றுள் ஒகேனக்கல் ஒன்று என்பதுதான் அந்த வாக்கியத்தின் பொருள்.