கோசுமெல்லில் ஒரு பகல், குழந்தைகளோடு: கேள்வி பதில்

டெக்சாஸின் கால்வெஸ்டனில் கப்பல் ஏறி, மெக்சிகோவின் கோசுமெல் தீவில் ஒரு பகல் இறங்குகிற குடும்பங்கள் எந்த பீச் கிளப் (காசு வாங்கிக்கொண்டு கடற்கரையில் நாற்காலி, குடை, குளம் எல்லாம் தருகிற இடம்) போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இன்று எல்லாருக்கும் ஒரே இடத்தில் பதில். விலை மட்டும் கேட்காதீர்கள், அடிக்கடி மாறுகிறது, அவரவர் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸின் கேட்டி ஊரிலிருந்து: அக்கா, பையனுக்கு 7 வயது, பாப்பாவுக்கு 3. ரெண்டு பேருக்கும் ஒத்துவருகிற ஒரே இடம் சொல்லுங்கள். மணல் கட்டாயம் வேண்டும்.

மணல் வேண்டும் என்றால் தெற்கே போகணும். கப்பல்கள் நிற்பது தீவின் மேற்குக் கரையில். அங்கே ஊரை ஒட்டின பகுதி பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை, பல இடங்களில் ஏணி பிடித்துத்தான் கடலில் இறங்க முடியும். ஊரைத் தாண்டி பதினாலு, பதினைந்து கிலோமீட்டர் போனால்தான் நல்ல மணல். பிளாயா மியா, பாரடைஸ் பீச், மிஸ்டர் சாஞ்சோஸ், நாச்சி கோகோம் எல்லாம் அந்த ஒரே வரிசையில் கிட்டக் கிட்ட இருப்பவை. கடல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அதனால் நீலத் தண்ணீர் போட்டோவை வைத்து ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை. நிழலுக்கு எத்தனை குடை, கழிப்பறை எவ்வளவு தூரம், நீச்சல் குளத்தில் குழந்தை நிற்கிற ஆழத்தில் ஒரு பகுதி இருக்கிறதா, கையில் கட்டுகிற பட்டைக்குள் என்னென்ன அடக்கம், இதைத்தான் பார்க்கணும்.

உங்கள் வீட்டுக்கு பிளாயா மியா. பாப்பாவுக்குச் சின்னத் தண்ணீர் விளையாட்டுகள், பையனுக்குச் சறுக்கு, ரெண்டும் உண்டு. ஒரு குறை, கூட்டம். துறைமுகத்தில் அன்றைக்கு எத்தனை கப்பல் என்று தேதி போட்டுத் தேடினால் அட்டவணை கிடைக்கும். ஐந்தாறு கப்பல் நிற்கிற நாள் என்றால், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அளவு வைத்திருக்கிற நாச்சி கோகோம் பக்கம் போங்கள். அங்கே சறுக்கெல்லாம் கிடையாது, பையன் கொஞ்சம் முனகுவான்.

அப்புறம், கப்பல் நேரம் வேறு, தீவு நேரம் வேறாக இருக்கலாம். கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மயாமியிலிருந்து: நாங்கள் ஜூலையில் வருகிறோம். போன்தான் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளுமே, இதில் என்ன குழப்பம்?

போன் மாற்றிக்கொள்வதுதான் குழப்பமே. கோசுமெல் இருக்கிற கின்டானா ரோ மாநிலத்துக்கு 2015-லிருந்து வருஷம் முழுக்க ஒரே நேரம், கோடைக்கு முள்ளை நகர்த்துவதில்லை. ஜூலையில் மயாமி அதைவிட ஒரு மணி முந்தி ஓடும். உங்கள் கப்பல் மயாமி நேரத்தையே வைத்துக்கொண்டால், போனில் நாலு என்று காட்டும்போது கப்பலில் ஐந்து. படகுத்துறையில் மூச்சு வாங்க ஓடுகிறவர்களில் பலர் இந்தக் கணக்கில் விழுந்தவர்கள்தான்.

கால்வெஸ்டன்காரர்களுக்குக் கோடையில் வித்தியாசமே இல்லை. குளிர்காலத்தில் தீவு ஒரு மணி முந்தி. அப்போது கப்பலைத் தவறவிட மாட்டீர்கள், ஆனால் பத்து மணிக்கு என்று போட்ட முன்பதிவுக்குக் கப்பல் நேரத்தைப் பார்த்துக்கொண்டு பதினொன்றுக்குப் போய் நிற்பீர்கள். சில கப்பல்கள் தீவு நேரத்துக்கே மாற்றிவிடும். இறங்கும்போது கேங்வேயில் (கப்பலிலிருந்து இறங்குகிற பாலத்தில்) கேளுங்கள், பேட்டரி போட்ட சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் கப்பல் நேரத்தை வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆஸ்டினிலிருந்து: மெக்சிகோவில் கடற்கரை எல்லாமே பொதுச்சொத்து. வழி மறித்தால் அபராதம் என்று 2020-ல் சட்டத்திருத்தமே வந்தது. மெரினாவில் யாராவது காசு கொடுத்தா உட்காருகிறோம்? எதற்குத் தலைக்கு இவ்வளவு அழணும்?

சட்டம் நீங்கள் சொல்வது சரி. மணலுக்கும் கடலுக்கும் யாரும் காசு வாங்க முடியாது. ஆனால் நாற்காலி, குடை, கழிப்பறை, குளியல், குளம் எல்லாம் அவர்களுடையது. நீங்கள் கொடுப்பது அதற்குத்தான். கல்யாணமாகாத நாலு பேர் துண்டை விரித்துப் படுப்பதாக இருந்தால் நானே வேண்டாம் என்பேன். கைக்குழந்தையோடு பகல் ஒரு மணி வெயிலில் நிழலில்லாமல் அரை மணி நேரம் இருந்து பாருங்கள்.

மீண்டும் ஆஸ்டின்: குடை கையில் கொண்டுபோனால் போச்சு. இது நம் ஆட்களை ஏமாற்றுகிற வியாபாரம், நீங்களும் அதற்கு விளம்பரம் செய்கிறீர்கள்.

எனக்கு யாரும் ஒரு டம்ளர் ஜூஸ்கூட இலவசமாகத் தரவில்லை சார். கப்பலிலிருந்து குடை, பாய், சாப்பாடு, டயபர் பை எல்லாம் தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்றால், பழமும் வீட்டுச் சாப்பாடும் தீவுக்குள் கொண்டுபோகக் கூடாது, அது ஒன்று. பெண் குழந்தைக்கு ஈர உடை மாற்ற இடம் எங்கே என்பது இரண்டாவது. அதற்கும் ஒரு பதில் சொல்லிவிட்டு விளம்பரம் என்று சொல்லுங்கள்.

சான் அன்டோனியோவிலிருந்து: ஆஸ்டின் நண்பர் சொல்வதுதான் சரி. கிழக்குக் கரைக்கு ஜீப் எடுத்துப் போங்கள், கூட்டமே இல்லை, காசும் இல்லை, அலை பிரமாதம். மேற்கில் இருப்பது கடலா, குளமா?

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். குளம் மாதிரி இருப்பதால்தான் குழந்தைகளை மேற்கில் இறக்கச் சொல்கிறேன். கிழக்குக் கரை திறந்த கரீபியன் கடல், நீரோட்டம் இழுக்கும், பெரும்பாலான இடங்களில் உயிர்காப்பாளர் கிடையாது, பல கடைகளுக்கு மின் கம்பியே போகவில்லை. கோடையில் சர்காசம் என்கிற பழுப்புக் கடற்பாசி கரை ஒதுங்குவதும் முக்கியமாக அந்தப் பக்கம்தான். போய்ப் பாருங்கள், படம் எடுங்கள், இளநீர் குடியுங்கள். குழந்தையைத் தண்ணீரில் விடாதீர்கள். காசு மிச்சம் பிடிக்கிற பேச்சை நான் மறுக்கவில்லை, இந்த யோசனையைத்தான் மறுக்கிறேன்.

மீண்டும் ஆஸ்டின்: கிழக்கை நான் சொல்லவில்லையே. மேற்கிலேயே காசில்லாமல் என்றுதான் சொன்னேன்.

சரி, அது நியாயம். அப்படியென்றால் ஒரு நடுவழி: நுழைவுக் கட்டணம் கேட்காமல், சாப்பாட்டுக்கு மட்டும் பில் போடுகிற சின்ன இடங்கள் தெற்கே இன்னும் உண்டு. உட்காரும் முன் குறைந்தபட்சத் தொகை ஏதாவது உண்டா என்று கேளுங்கள். இந்த வழக்கு இத்தோடு முடிந்தது, வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

டல்லாஸிலிருந்து: நாங்கள் மது குடிப்பதில்லை, சுத்த சைவம். ஆல் இன்க்ளூசிவ் (சாப்பாடு, பானம் எல்லாம் ஒரே கட்டணத்தில்) எடுக்கலாமா?

மிஸ்டர் சாஞ்சோஸ் மாதிரி இடங்களில் பெரியவர்கள் கட்டணத்தில் ஒரு பங்கு மதுவுக்குத்தான் போகிறது, உங்களுக்கு நஷ்டம். ஆனால் குழந்தைகள் மணிக்கு ஒரு ஜூஸ் கேட்கிற வீடென்றால் பில் பயம் இல்லாமல் இருக்கலாம், அந்த நிம்மதிக்கு ஒரு மதிப்புண்டு. சைவத்துக்கு குவாக்கமோலே (மசித்த அவகாடோ), சீஸ் கெசடியா (சீஸ் வைத்து மடித்த ரொட்டி), பழம் நம்பிக்கையானவை. மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே சாதாரணம், அரிசிச் சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. ஸ்பானிஷில் ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வரும். ‘சின் கார்னே, சின் போயோ, சின் மந்தேகா’ (இறைச்சி, கோழி, பன்றிக் கொழுப்பு எதுவும் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள்.

பியர்லண்டிலிருந்து: எச்1பி விசா ஸ்டாம்பிங் முடிந்துவிட்டது, க்ரூஸ் போகலாமா?

வக்கீலிடம் கேளுங்கள், கப்பல் கம்பெனியிடமும் எழுத்தில் கேளுங்கள். என்னிடம் வேண்டாம்.

ஃபிரிஸ்கோவிலிருந்து: டாக்ஸியில் கார் சீட் இருக்குமா? ஸ்நார்கெல் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மீன் பார்ப்பது) பண்ண எது நல்லது?

இருக்காது, வேண்டுமென்றால் நீங்கள்தான் கொண்டுவரணும். கட்டணம் மீட்டரில் ஓடாது, போகிற இடத்தைப் பொறுத்து நிர்ணயித்தது, துறைமுக வாசலில் பலகை இருக்கும், ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். திரும்பும்போது எல்லாக் கப்பல்காரர்களும் ஒரே நேரத்தில் டாக்ஸி தேடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்நார்கெலுக்கு சான்கனாப் பூங்கா. அங்கே மணல் குறைவு, படி வழியாக இறங்கினால் மீன். ஞாயிறு பொதுவாக மூடியிருக்கும். சன்ஸ்கிரீன் பவளத்துக்குக் கெடுதல், அதற்குப் பதில் முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். தீவின் அந்தப் பக்கத்துப் பவளப்பாறைகள் 1996-லிருந்து தேசியக் கடல் பூங்கா, 2019-ல் பவள நோய் பரவி பலன்கார், கொலம்பியா, எல் சியேலோ பகுதிகளைக் கொஞ்ச நாள் மூடியே வைத்தார்கள். நட்சத்திர மீனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள்.

ஹூஸ்டனிலிருந்து: எது பெஸ்ட் பீச் கிளப்?

கேட்டிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சுகர்லேண்டிலிருந்து: எது பெஸ்ட்? டிசம்பரில் போகிறோம்.

முதல் பாதிக்கு மேலே பாருங்கள். டிசம்பர் என்பதால் ஒன்று சொல்கிறேன். நோர்த்தே என்கிற வடக்குக் காற்று வந்தால் மேற்குக் கரையே கொந்தளிக்கும், கப்பல் நிற்காமலே போய்விடுவதும் உண்டு. கப்பல் வராவிட்டால் பணம் திரும்பும் என்று எழுதியிருக்கிற இடத்தில் மட்டும் முன்பதிவு செய்யுங்கள்.

கேட்டியிலிருந்து மறுபடி: அக்கா, ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி, தண்ணீரில் இறங்க மாட்டார்கள். அவர்களையும் பிளாயா மியா கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போகாதீர்கள் என்பேன். மணலில் நடக்கிறது முழங்காலுக்குக் கஷ்டம், நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து நம் பைகளுக்குக் காவல் இருப்பார்கள். புன்டா லங்கோஸ்தா துறையில் கப்பல் நின்றால் இறங்கினதுமே ஊர், மாமனாரோடு ஒரு சுற்று நடந்து காபி குடித்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். மற்ற இரண்டு துறையிலும் வாசலிலேயே கடைகள் உண்டு. எல்லாரும் இறங்கிப்போன கப்பலில் பகலில் சத்தமே இருக்காது, சாப்பாட்டுக்கு வரிசையும் இருக்காது. அவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.