டாக்பேக் தமிழ் பிடிஎஃப்பைப் படிக்காமல் எழுத்தெழுத்தாக உளறுகிறது

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையின் ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் தமிழ்ப் பாட பிடிஎஃப்பை உளறுகிறது, குரலை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குரலை மாற்றிப் பயனில்லை. கோளாறு கோப்பில்தான் இருக்கிறது. ‘அம்மா’ வர வேண்டிய இடத்தில் ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்று வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் அடையாளம். கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள். டாக்பேக் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும்.

ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கிலக் குப்பை வந்தால் பாமினியேதான்: இணையத்தில் கிடைக்கும் ‘பாமினி – யூனிகோட் மாற்றி’ ஒன்றில் போட்டு (யூனிகோட் என்றால் உள்ளேயும் தமிழாகவே இருக்கும் எழுத்து), வந்ததை கூகுள் டாக்ஸில் சேமியுங்கள். வரியைத் தேர்வே செய்ய முடியாவிட்டால் அது ஸ்கேன் படம். கம்ப்யூட்டரில் கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும்.

பெங்களூரில் வாங்கிய போன் என்கிறீர்கள். ஆங்கிலம், கன்னடக் குரல் மட்டும் இருக்கலாம். மாற்றிய எழுத்தைப் படிக்க, டெக்ஸ்ட் டு ஸ்பீச் செட்டிங்ஸில் தமிழ்க் குரலையும் இறக்கிவிடுங்கள்.

கவனம்: அந்த யூனிகோட் மாற்றி, பாடத்தின் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழ்க் குப்பையாக்கிவிடும். ஸ்கேனில் ன, ண குழம்பும், இரண்டு பத்திப் பக்கங்கள் கலந்துவிடும். பிள்ளை தேர்வுக்குப் படிப்பது. பார்வையுள்ள ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே கொடுங்கள்.