பால்டிக் கடலைப் பங்கு வைப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐரோப்பாவில் ஊருக்கு மனை வரைபடம் போடுவது போலக் கடலுக்கும் போடுகிறார்களாமே? பக்கத்து நாட்டோடு எப்படி ஒத்துப்போகிறார்கள்? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 ஆணைப்படி, கடலோர உறுப்பு நாடுகள் 2021 மார்ச் 31-க்குள் கப்பல் வழி, மீன்பிடி, காற்றாலை, பாதுகாப்பிடம் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டம் போட்டிருக்க வேண்டும். அதற்கு அண்டை நாடுகளோடு பேசியாக வேண்டும். சுவீடன் 2022 பிப்ரவரியில்தான் முடித்தது.

எப்போது பேசுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரைவு முடிந்தபின் அனுப்பினால், உள்நாட்டில் அமைச்சகங்கள் ஏற்கெனவே கைகுலுக்கியிருக்கும். வரைபடத்தில் போட்ட கோடுகளை நகர்த்த யாரும் முன்வர மாட்டார்கள். அதனால் கோடு போடுமுன், தரவு திரட்டும்போதே சேர்ந்து உட்கார வேண்டும்.

இதற்கு நல்ல சான்று கடற்பன்றி. ஓங்கிலின் நெருங்கிய உறவு. எட்டு நாடுகள் சேர்ந்து 304 இடங்களில் ஒலிப்பதிவுக் கருவிகளை இறக்கி, 2011 மே முதல் 2013 வரை அதன் 'டிக் டிக்' ஒலியைப் பதிந்தன. சுமார் 130 கிலோஹெர்ட்ஸ். நம் காதுக்கு எட்டாது. நடு பால்டிக்கில் ஏறக்குறைய 500 மட்டுமே மிஞ்சியிருப்பது தெரிந்தது. கோடையில் அவை கூடுவது சுவீடனின் மிட்ஷோ என்னும் கடலடி மேடுகளைச் சுற்றி. தனியொரு நாடு தன் எல்லைக்குள் மட்டும் தேடியிருந்தால் இந்தப் படம் கிடைத்திருக்காது. 2016-இல் சுவீடன் அங்கே 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பாதுகாப்பிடமாக்கியது.

சிக்கல் என்னவென்றால், ஆழம் குறைந்த மேடுதான் காற்றாலைக்கும் தோது. தெற்கு மேடு போலந்து எல்லையை ஒட்டியிருக்கிறது. தூண் அடிக்கும் சத்தம் எல்லையில் நிற்காது. துளைக் குழாயைக் கடலடியில் வளையமாகப் போட்டு, அழுத்தக் காற்றைச் செலுத்திக் குமிழித் திரை எழுப்பினால் சத்தம் குறையும், அற்றுப்போகாது. குட்டி வளரும் மாதங்களைத் தவிர்ப்பதும் அதனால் அவசியம்.

இன்னொன்று: ஜெர்மனியின் திட்டம் சட்டம், சுவீடனுடையது அதிகாரிகளுக்கான வழிகாட்டல். வரைபடத்தில் ஒரே நிறமாகத் தெரிந்தாலும் கனம் வேறு. இரு நாட்டு வரைபடங்களை ஒட்டிப் பார்க்கும்போது இதை முதலில் கேளுங்கள்.

கேள்வி: கப்பல் வழியையும் இப்படிப் பேசி மாற்றலாமா? (வாசகர், காரைக்கால்)

பதில்: தங்கள் கரைக்கடலுக்கு (கரையை ஒட்டி அதிகபட்சம் 12 கடல் மைல்) வெளியே கடலோர நாடுகளே தீர்மானித்துவிட முடியாது. எதிரெதிரே வரும் கப்பல்களைத் தனித்தனித் தடத்தில் விடும் போக்குவரத்துப் பிரிப்பு வழியை அவை முன்மொழியலாம். ஏற்க வேண்டியது சர்வதேசக் கடல்சார் அமைப்பு.

கேள்வி: இரு நாட்டுக் காற்றாலைகளை ஒரே கம்பியில் இணைத்தது உண்மையா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உண்மை. டென்மார்க், ஜெர்மனி, சுவீடன் மூன்றும் சந்திக்கும் கிரீகர்ஸ் ஃபிளாக் பகுதியில், டென்மார்க், ஜெர்மனி பக்கத்துக் கடல் துணைமின் நிலையங்களை இரண்டு கேபிள்கள் இணைக்கின்றன. 2020-இல் திறந்தார்கள், திறன் 400 மெகாவாட். சுவீடன் 2010-லேயே விலகிவிட்டது. கிழக்கு டென்மார்க் நோர்டிக் (வட ஐரோப்பிய) மின்தொகுப்பைச் சேர்ந்தது, ஜெர்மனி ஐரோப்பியக் கண்டத்து மின்தொகுப்பைச் சேர்ந்தது. இரண்டிலும் 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் அலைகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதில்லை. நேரடியாக இணைக்க முடியாததால், ஜெர்மனியின் பென்ட்விஷில் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி, உடனே திரும்ப மாற்றும் நிலையம் வைத்திருக்கிறார்கள்.