தடையற்ற வணிகக் கூட்டமைப்பிலிருந்து விலகும் நாட்டின் மீது தண்டனை வரி விதிக்க முடியுமா?

முடியாது. புதிய ஒப்பந்தம் ஏதும் இல்லாத நிலையில், உலக வணிக அமைப்பில் உறுப்பினராக உள்ள, சலுகை பெறாத பிற நாடுகளிடம் வசூலிக்கும் அதே சுங்க வரியையே விலகிய நாட்டிடமும் வசூலிக்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் கார்களுக்கு அது 10 சதவீதம்.

2020 ஜனவரி 31 அன்று வெளியேறிய பிரிட்டன், அந்த ஆண்டு இறுதிவரை பழைய ஏற்பாட்டிலேயே நீடித்து, 2021 தொடக்கத்தில் வரியற்ற வணிக ஒப்பந்தத்துக்கு மாறியதால் இந்நிலையிலிருந்து தப்பியது.

எனினும், பலரும் கவனிக்கத் தவறுவது அந்தச் சலுகை எந்தப் பொருளுக்கு என்பதைத்தான். சீனாவில் தைத்த சட்டைக்குப் பிரிட்டனில் ஒருமுறை வரி கட்டியிருந்தாலும், கிடங்கில் பெட்டி மாற்றி, ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள அயர்லாந்துக்கு அனுப்பும்போது அது பிரிட்டன் பொருளாகக் கருதப்படாததால், மீண்டும் 12 சதவீத வரி செலுத்த நேரிடும். வாங்கி விற்கும் இடைநிலை வணிகர்களை இவ்விதி பெரிதும் பாதித்தது.