நோயை ஒப்புக்கொண்டால்தான் நிம்மதியா?

கேள்வி: என் அக்காளுக்கு 67 வயது. முப்பது ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து உட்கொள்கிறாள். யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்பது வெகுவாகக் குறைந்து, அடுத்த வீட்டாரோடு சேர்ந்து அப்பளம் இடுகிறாள். ஆனாலும், “எனக்கு நோயே கிடையாது, மாத்திரை தூக்கத்துக்குத்தான்” என்கிறாள். அவளை ஒப்புக்கொள்ள வைத்தால் மீதிக் காலம் நிம்மதியாக இருப்பாளா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: நோய் இருப்பதை ஏற்பது ஒன்று, காதில் விழும் குரல் அந்நோயினால் வருவது என்று புரிந்துகொள்வது இன்னொன்று, சிகிச்சை தேவை என்று அறிவது மூன்றாவது. உங்கள் அக்காள் முதலிரண்டை மறுத்தாலும், தூக்கத்துக்கு என்று தமக்கு ஒத்துவரும் ஒரு காரணத்தைச் சொல்லி மாத்திரையை உட்கொள்ளும்போது மூன்றாவதில் பாதி வழி வந்துவிட்டார். அவர் மறுப்பதைப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். தன் நிலையைத் தானே கண்டுகொள்ளும் திறன் குன்றுவதும் இந்நோயின் கூறுதான்.

நோயை உணர்ந்தவர்கள் மருந்தைத் தவறவிடுவது குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த உணர்வு மிகுந்தவர்களிடம் மனச்சோர்வும் வாழ்க்கையைப் பற்றிய மனக்குறையும் கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கைநழுவிய கல்யாணமும் வேலையும் இந்நோயால்தான் போயின என்ற எண்ணம் 67 வயதில் ஒரேயடியாக வந்து நின்றால், அதைத் தாங்குவது எளிதன்று. ஆகவே வாதாடி ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள். சாம்பாரில் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பதும் கூடாது, ஒரு நாள் தெரிந்துவிட்டால் உங்கள் கையால் சோறு வாங்கவே அஞ்சுவார்.

அதைவிட அவருடைய உடலைக் கவனியுங்கள். முதுமையில் இம்மருந்துகளால் தள்ளாட்டமும் விழுதலும் நேரலாம், சர்க்கரை கூடலாம், வாய் தானாக மெல்லுவதுபோல் அசையலாம். இவற்றைச் சொன்னால் மருத்துவர் அளவைத் திருத்துவார், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காது மந்தமாகியிருந்தால் சந்தேகமும் கூடும் என்பதால் அதையும் பரிசோதியுங்கள். அப்பளக் கூலியை அவர் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காசும் அங்கே நடக்கும் பேச்சும் அவருடைய நாளை நிறைப்பவை, நான் அவற்றைச் சிறிதாக நினைக்கவில்லை.

என்றாவது அவரே, “எனக்கு என்ன நோய்?” என்று கேட்டால் மறைக்காமல் சொல்லி, அன்று முழுவதும் அவருடன் இருங்கள். அதன்பின் சோறு வேண்டாம் என்றாலோ, உறங்காமல் கிடந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள். இரவானாலும் 14416 என்ற எண்ணில், அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸில் இலவசமாகப் பேசலாம்.