பிறந்த குழந்தைக்குப் பாலின அறுவை: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி (தேனி): தம்பி குழந்தை பிறந்து பத்து நாள். ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "இப்பவே ஆபரேஷன் பண்ணிடலாம், வளர்ந்தா ஞாபகமே இருக்காது" என்கிறார் ஒரு டாக்டர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போட வேண்டாம் அக்கா. 2019 ஆகஸ்டில் வந்த தமிழக அரசாணைப்படி, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய இடைப்பாலினக் குழந்தைக்கு, அதாவது இப்படி ஆண், பெண் என்று பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறந்த குழந்தைக்கு, அந்த அறுவை கூடாது. ஆபத்து உண்டா என்பதை அந்த டாக்டர் தனியாகத் தீர்மானிக்கவும் முடியாது. அதற்கென்று உள்ள குழு பரிந்துரைக்க வேண்டும்.

ஆனால் தடை கத்திக்குத்தான், மருந்துக்கு இல்லை. அட்ரினல் சுரப்பியில் பிறவிக் கோளாறு இருந்தாலும் குழந்தை இப்படிப் பிறக்கலாம். அதில் ஒரு வகையில் உடம்பிலிருந்து உப்பு வெளியேறிவிடும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் குழந்தை பால் குடிக்காமல், வாந்தி எடுத்துத் துவண்டுபோகும், உயிரே போகலாம். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மருந்து காப்பாற்றும். சோடியம், பொட்டாசியம், 17-ஓஎச்பி (இந்தக் கோளாறைக் காட்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை பற்றி இன்றே குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பெயர் வைப்பதைத் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஞாபகம் இருக்காதாம்! தழும்பு இருக்குமே.

கேள்வி (சென்னை, சட்ட மாணவர்): அந்த அரசாணைக்கு வழிவகுத்தது ஒரு திருமணப் பதிவு வழக்காமே. அதில் குழந்தை அறுவை எங்கிருந்து வந்தது?

பதில்: தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் கோயிலில் மணந்தார்கள், பதிவாளர் மறுத்துவிட்டார். 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்தார். அடிப்படை, உச்ச நீதிமன்றத்தின் 2014 நால்சா வழக்குத் தீர்ப்பு: தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை. அந்த உரிமை உண்டென்றால், பேச்சே வராத குழந்தைக்காக இன்னொருவர் முந்திக்கொள்வது எப்படிச் சரி? பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பிலேயே இருக்கிறது.

கேள்வி (நாஷ்வில்): எங்கள் டென்னசியிலும் 18 வயதுக்குக் கீழே தடைதான். இரண்டும் ஒன்றா?

பதில்: கிட்டத்தட்டத் தலைகீழ். அங்கே தடுப்பது, பாலினம் மாற விரும்பும் பதின்வயதுப் பிள்ளைக்கான பருவமடைவதைத் தள்ளிப்போடும் மருந்தையும் ஹார்மோனையும். 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதை ஏற்றது. அதே சட்டம் இடைப்பாலினம் போன்ற 'பிறவிக் குறைபாடு' என்றால் விலக்குத் தருகிறது. கேட்கும் பிள்ளைக்குத் தடை, கேட்கத் தெரியாத குழந்தைக்கு விலக்கு. எனக்கு இது விளங்கவில்லை.

கேள்வி (சேலம்): இங்கே மீறும் டாக்டருக்கு என்ன தண்டனை?

பதில்: ஓட்டை அங்கேதான். நம்முடையது அரசாணை, சட்டமன்றச் சட்டம் அல்ல. தனித் தண்டனைப் பிரிவு கிடையாது. மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம், நீதிமன்றம் போகலாம். ஐரோப்பிய நாடான மால்டா இந்தத் தடையை 2015-லேயே சட்டமாகப் போட்டுவிட்டது. அப்புறம், இப்படிப் பிறந்ததென்று குழந்தையைக் கைவிட்டால் சிறார் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அப்படி ஏதும் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள்.