நாபோத்தின் திராட்சத்தோட்டமும் சஸ்பெண்ட் கடிதமும்: நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

கேள்வி: நான் 22 ஆண்டுகளாகத் திருமண்டல (ஒரு பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட திருச்சபை வட்டாரம்) ஊழியத்தில் இருக்கும் குருவானவர். ஓய்வுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள். எங்கள் சேகரத்து (குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) நிலத்தை விற்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்திலிருந்து, ஆகாப் ராஜா அநியாயமாய்ப் பறித்துக்கொண்ட நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றிப் பிரசங்கித்தேன். யார் பெயரையும் சொல்லவில்லை. பத்தாம் நாள், 'சபையில் பிளவு உண்டாக்கினீர்' என்று லே செயலாளர் (குருவானவர் அல்லாத திருமண்டல நிர்வாகச் செயலாளர்) கையெழுத்தில் சஸ்பெண்ட் கடிதம் வந்தது. சம்பளம் நின்றுவிட்டது. 15 நாளில் குருமனையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வாலிபர் சங்கத்தார் என் பிரசங்க வீடியோவைப் பொருளாளர் படத்தோடு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். 'ஞாயிறு ஆராதனையை நீங்களே நடத்துங்கள், நாங்கள் நிற்கிறோம்' என்று சபையாரில் பாதிப்பேர் அழைக்கிறார்கள். ஐகோர்ட்டில் ரிட் போடலாமா?

பதில்: குருவானவர் அவர்களே, உங்களுக்கு நடந்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் பிரசங்கம் வேதத்துக்கு உட்பட்டதா என்ற கேள்விக்குள் எந்த நீதிமன்றமும் நுழையாது. பொருளாளர் உங்களைப் பேசிய பேச்சு, பேராயர் போனை எடுக்காதது, 22 வருட ஊழியம் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் வழக்குக்கு உதவுவது ஒரே வரிதான்: கையெழுத்துப் போட்டவர் லே செயலாளர்.

குருவானவரை இடைநீக்கம் செய்யும் அதிகாரம் யாருக்கு என்று உங்கள் திருமண்டல அமைப்புச் சட்டம் சொல்லும். பேராயர் முறைத் திருச்சபைகளில் அது பேராயரிடம் இருப்பதே வழக்கம். பேராயர் உத்தரவோ செயற்குழுத் தீர்மானமோ இல்லாமல் லே செயலாளர் தாமாகக் கையெழுத்திட்டிருந்தால் உத்தரவின் அடித்தளமே ஆடும். டி.பி. தாவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஓர் அமைப்பு தன் உறுப்பினரை நீக்கினால், அதன் சொந்த விதிப்படி நடந்ததா, அவர் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தந்ததா, நல்லெண்ணத்தோடு செய்ததா என்பதை மட்டும் நீதிமன்றம் பார்க்கும். உபதேசத்தை வைத்து வாதாடினால் மதக் காரியங்களைத் தாங்களே நடத்தும் உரிமையை மதப் பிரிவுகளுக்குத் தரும் அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவு அவர்களுக்குக் கேடயமாகிவிடும். மத அடிப்படையில் ஒருவரை விலக்கும் உரிமையை 1962இல் தாவூதி போரா சமூகத் தலைவர் சையத்னா வழக்கில் அரசியல் சாசன அமர்வே காத்திருக்கிறது.

ரிட் வேண்டாம். ரிட் மனு பெரும்பாலும் அரசு அமைப்புகளுக்கு எதிரானது; திருமண்டலம் அரசு அமைப்பு அல்ல. மனு ஏற்கத்தக்கதல்ல என்று திரும்பும், மாதங்கள் போகும். உங்கள் இடம் சிவில் கோர்ட். மதப் பதவி குறித்த உரிமையும் சிவில் உரிமையே என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு விளக்கமே சொல்கிறது. 1995இல் மலங்கரை சபை வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உத்தரவு செல்லாது என்ற அறிவிப்பை மட்டும் கேட்காதீர்கள். சம்பள பாக்கியையும் சேர்த்துக் கேட்காவிட்டால் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 34ஆம் பிரிவில் வழக்கு விழும். கெடு மூன்று ஆண்டுகள், ஆனால் அவ்வளவு காத்திருக்காதீர்கள்.

இப்போது எனக்கு உண்மையில் பயமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட வழக்குகளில் குருவானவர்கள் தோற்பது பிரசங்கத்தால் அல்ல, சஸ்பெண்ட் கடிதத்துக்கும் விசாரணைக்கும் இடைப்பட்ட வாரங்களில் செய்த காரியங்களால். இன்று உங்கள் மேல் இருக்கும் குற்றச்சாட்டு பலவீனமானது, அது அவர்களுக்கும் தெரியும். பலமான ஒன்றை நீங்களே கொண்டுவந்து கொடுப்பீர்களா என்று காத்திருப்பார்கள்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை. சபையார் அழைக்கிறார்கள் என்று பிரசங்க பீடத்தில் ஏறினால், ஆராதனைக்கு இடையூறு செய்ததாக பாரதிய நியாய சன்ஹிதா 300ஆம் பிரிவிலும், அத்துமீறலுக்கு 329ஆம் பிரிவிலும் புகார் போகும். 'பிளவு உண்டாக்கினார்' என்ற வார்த்தைக்கு அதுவரை இல்லாத சாட்சி வீடியோவோடு கிடைத்துவிடும். யாரோ வீட்டில் தனி ஆராதனை தொடங்கிக் காணிக்கை எடுத்தாலும் இதே கதிதான். ஊழியத்தைக் கைவிட்டு வேறு சபை தொடங்கினார் என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

கல்யாணம் அதைவிட ஆபத்து. முன்பே நாள் குறித்ததுதானே என்று சஸ்பெண்ட் காலத்தில் திருமணத்தை நடத்திக் கொடுக்காதீர்கள். அதிகாரம் இல்லாமல் கிறிஸ்தவத் திருமணம் நடத்தினால் 1872ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 68ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரை சிறை. அபிஷேகம் பெற்றவருக்கு அது பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. அந்த வாதத்துக்கு நீங்கள் சோதனைப் பொருளாக வேண்டாம். அந்தத் தம்பதியின் வாழ்க்கையும் அதில் மாட்டும்.

பணத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. சேகர வங்கிக் கணக்கில் நீங்கள் கூட்டுக் கையெழுத்தாளரா? கடைசி ஞாயிறு காணிக்கை, அசன (சபை விருந்து) வசூல், கட்டட நிதி ரசீதுப் புத்தகங்கள் யாரிடம் இருக்கின்றன? பிரசங்கத்தை வைத்து ஒருவரை வெளியேற்ற முடியாதபோது அடுத்து எடுப்பது கணக்கு நோட்டைத்தான். நம்பிக்கை மோசடி என்று பாரதிய நியாய சன்ஹிதா 316ஆம் பிரிவில் புகார் வந்தால் ஐந்து ஆண்டு வரை தண்டனை. சிவில் வழக்கு அதோடு படுத்துவிடும். சஸ்பெண்ட் தேதி வரையிலான வங்கி அறிக்கை, வவுச்சர்கள், ரசீது அடிக்கட்டைகள் எல்லாவற்றையும் நகல் எடுங்கள். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளையும் கையிருப்புப் பணத்தையும் பட்டியலிட்டு, இரு சாட்சிகள் முன் ஒப்படைத்து, தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பட்டியலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதிவேட்டைப் பிடித்து வைப்பது உங்களுக்கு எந்தப் பலத்தையும் தராது.

அந்த வீடியோவை இன்றே நீக்கச் சொல்லுங்கள். சொன்னதற்கு எழுத்தில் சான்று வையுங்கள். நாபோத் பிரசங்கத்தில் அவதூறு இல்லை; பொருளாளர் படம் ஒட்டியதும் அது அதே சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறு வழக்காகலாம். அதைத் தூண்டியவர் நீங்கள் என்பார்கள்.

குருமனை ஊழியத்தோடு வந்த அனுமதி, குடியிருப்பு உரிமை அல்ல. 2012இல் மரியா மார்கரிடா வழக்கில், பிறர் சொத்தில் அனுமதியின் பேரில் இருப்பவருக்கு எத்தனை வருடமானாலும் உரிமை பிறக்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பலவந்தமாக வெளியேற்றினால் ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 6ஆம் பிரிவில் வழக்குப் போடலாம், ஆனால் அதை நம்பிப் பூட்டிக்கொண்டு உட்காராதீர்கள். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசம் கேளுங்கள்.

விசாரணையைப் புறக்கணிக்காதீர்கள். 'பேசி முடித்துவிடலாம்' என்று நீட்டும் மன்னிப்புக் கடிதத்திலும், தேதி போடாத ராஜினாமாவிலும் கையெழுத்திடாதீர்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எல்லாவற்றிலும் ஜெயித்தாலும் நீதிமன்றம் உங்களை மீண்டும் பீடத்தில் நிறுத்துவது அரிது. தனியார் அமைப்பின் ஊழியரைத் திரும்ப அமர்த்தக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதை உச்ச நீதிமன்றத்தின் வைஷ் கல்லூரி வழக்கு நிலைநாட்டியது. அதற்குள்ள சில விலக்குகளில் நீங்கள் வரமாட்டீர்கள். கிடைப்பது பணமும் ஓர் அறிவிப்பும். விசாரணை, மேல்முறையீடு என்று போனால் உங்கள் நான்கு ஆண்டுகள் போதாது.

ஆகவே சமரசம் பேசுங்கள். சஸ்பெண்ட் ரத்து, நிறுத்திய சம்பளம் முழுவதும், பணித்தொடர்ச்சி பாதிக்கப்படாமை, பதிலுக்கு வேறு சேகரத்துக்கு மாற்றல். மாற்றலை எதிர்த்து நிற்க உங்களுக்குச் சட்டத்தில் இடம் மிகக் குறைவு; அதைக் கொடுத்து மற்றதை வாங்குங்கள். பேராயரின் வாய்வார்த்தை போதாது. செயற்குழுத் தீர்மானத்தோடு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் லோக் அதாலத்தில், வழக்குக்கு முந்தைய நிலையிலேயே பதிவு செய்யுங்கள். அந்தத் தீர்ப்புக்கு 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி நீதிமன்ற ஆணையின் பலம் உண்டு.

நிலத்தைக் காப்பது உங்கள் வழக்கு அல்ல. அக்கறையுள்ள சபையார் சிலர் சேர்ந்து பிரதிநிதித்துவ வழக்காக, வேறு வழக்கறிஞரை வைத்துத் தனியாகப் போடட்டும். உங்கள் பெயர் அதில் வாதியாக வேண்டாம்.